புது ரைஃபிள் பேரல்: முதல் இருபது தோட்டாவும் அதற்கான துடைப்பும்

புது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "பேரலை பிரேக்-இன் பண்ண வேண்டுமா?" என்பதுதான். பேரல் என்பது துப்பாக்கிக் குழல்; பிரேக்-இன் என்பது புதுக் குழலை இடையிடையே துடைத்துச் சுட்டுப் பழக்குவது. அமெரிக்காவில் எந்தச் சுடுதளத்துக்கு (ரேஞ்ச்) போய்க் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒரு தோட்டா சுடு, ஒரு முறை துடை, இதையே பத்திருபது தடவை செய் என்பார் ஒருவர். அதெல்லாம் வீண் வேலை, பேசாமல் சுடு என்பார் பக்கத்து மேசைக்காரர். பேரல் செய்பவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. க்ரீகர் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் பிரேக்-இன் முறையை எழுதியே தருகின்றன. போட்டி ரைஃபிள்கள் செய்வதில் பேரெடுத்த கேல் மெக்மில்லனோ, இது பேரலின் ஆயுளைத் தின்கிற வேலை என்று வாதிட்டவர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்-இன் செய்யுங்கள், ஆனால் சுருக்கமாக. எத்தனை முறை என்பதைத் தாளில் எழுதிய அட்டவணை தீர்மானிக்க வேண்டாம். பேரலிலிருந்து வெளியே வரும் துணி தீர்மானிக்கட்டும். பிரேக்-இன் செய்யாததால் பாழான பேரல் என்று ஒன்றை யாரும் எனக்குக் காட்டியதில்லை. தப்பாகத் துடைத்துப் பாழாக்கிய பேரல்கள் நிறைய உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் சுடுவதைவிடத் துடைப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

.308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டா சுடும் சென்டர்ஃபயர் ரைஃபிளை (தோட்டாவின் அடிப்பாகத்தின் நடுவில் அடித்துச் சுடும் வகை) அமெரிக்காவில் சட்டப்படி வாங்கி, முறையான ரேஞ்சில் சுடத் தொடங்குகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தியக் கிளப்புகளில் புழங்கும் .22 என்ற சிறு தோட்டா ரைஃபிளைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். அதன் கதையே வேறு.

பேரலுக்குள் என்ன நடக்கிறது

ஒரு பேரலின் உட்புறம் சுருள் சுருளாக ஓடும் மேடும் பள்ளமும் கொண்டது. .308 பேரலில் மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையிலான விட்டம் 0.300 அங்குலம், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் 0.308 அங்குலம். அதாவது ஒரு பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். குண்டு அந்த மேடுகளில் பதிந்து, சுழன்றபடி வெளியேறுகிறது. குண்டின் மேல்தோல் கில்டிங் மெட்டல் என்ற உலோகம்: ஏறத்தாழ 95 விழுக்காடு செம்பு, 5 விழுக்காடு துத்தநாகம். இரும்பைவிட மிருதுவானது என்பதால் போகிற வழியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே போகும்.

தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்யும் பேரல்களை, ஈய அச்சில் தேய்ப்புப் பொடி தடவி நீளவாக்கில் கையாலேயே இழைத்து அனுப்புவார்கள். அதன் உட்சுவரில் மிஞ்சும் நுண்கோடுகள் குண்டு போகும் திசையிலேயே இருக்கும். அதன் பிறகுதான் துப்பாக்கித் தொழிலாளி ரீமர் வைத்து சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, வெட்டுகிறார். ரீமர் சுழன்று வெட்டும் கருவி. சேம்பருக்கு அடுத்து மேடுகள் தொடங்கும் சரிவான பகுதியில் (இதை த்ரோட் என்பார்கள்) அது விடும் கோடுகள் குண்டின் பாதைக்குக் குறுக்கே விழுகின்றன. ஒவ்வொரு குண்டும் அங்கே செம்பை இழந்துவிட்டுத்தான் நகர்கிறது. அப்படி உரிந்த செம்பு சூடான வாயுவோடு கலந்து பேரல் நெடுகப் படிகிறது என்பது பேரல் செய்பவர்கள் தரும் விளக்கம். முதல் சில குண்டுகள் அந்தக் குறுக்குக் கோடுகளின் கூர்மையை மழுங்கடிக்கின்றன. பழைய செம்பு அந்தக் கோடுகளை மூடிக்கொண்டு கிடந்தால் அடுத்த குண்டு செம்பின் மேல்தான் தேயும், இரும்பில் தேயாது. இடையிடையே துடைக்கச் சொல்வது இதனால்தான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கையால் இழைத்த நல்ல பேரலில் பழக்க வேண்டியது த்ரோட் மட்டும்தான். தொழிற்சாலை பேரல் அப்படி இல்லை. டிக்கா பேரல்கள் சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படுபவை, சாவேஜ் பேரல்களில் பட்டன் என்ற கடினமான உலோகக் கட்டியை உள்ளே இழுத்து வரி (மேடு பள்ளம்) போடுகிறார்கள். இந்த விலையில் விற்கும் பேரல்களைப் பொதுவாகக் கையால் இழைப்பதில்லை. உட்சுவர் முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும் பேரலை இருபது தோட்டா மாற்றிவிடாது. அது நூறு, இருநூறு சுட்ட பிறகு தானாக ஓரளவு வழவழப்பாகும். ஏஆர் வகை (ஏஆர்-15 போன்ற) ரைஃபிள்களில் பேரலின் உட்புறம் குரோமியம் பூசியிருந்தால் பிரேக்-இன்னுக்கு வேலையே இல்லை. அது அவ்வளவு கடினமான பூச்சு.

உங்கள் ரைஃபிளோடு வந்த கையேட்டில் நிறுவனம் ஒரு முறையைச் சொல்லியிருந்தால், நான் சொல்வதை ஓரமாக வைத்துவிட்டு அதன்படி செய்யுங்கள்.

வாங்க வேண்டியவை

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத பொருள்கள் இரண்டு: கிளீனிங் ராடு, போர் கைடு. ராடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பூசிய எஃகோ கார்பன் ஃபைபரோ நல்லது. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினிய ராடு மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். இணைப்புகளின் விளிம்பு மேடுகளை உரசும், மிருதுவான அலுமினியத்தில் மணலும் கரியும் புதைந்து உப்புத்தாள் போலவே வேலை செய்யும். கைப்பிடி பேரிங்கில் சுழல வேண்டும்; அப்போதுதான் துணி வரிகளின் சுழற்சியோடு திரும்பும். ராடின் தடிமன் உங்கள் காலிபருக்கு (குழலின் உள்விட்டத்துக்கு) ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய ராடு வளைந்து சுவரில் இடிக்கும்.

போர் கைடு என்பது போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தாழ்ப்பாளை, கழற்றிய இடத்தில் செருகும் ஒரு குழாய். ராடைப் பேரலின் நடுவிலேயே வைத்திருக்கும். சால்வென்ட் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) ட்ரிகருக்குள்ளும் பிடிக்கட்டைக்குள்ளும் சொட்டாமல் தடுக்கும். இதை வாங்காமல் விடுபவர்கள்தான் அதிகம். த்ரோட் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோவதும் இதனால்தான்.

மற்றவை சில்லறைச் சாமான்கள். காலிபருக்கான பருத்தித் துணித் துண்டுகள் (பேட்ச்), துணியைக் குத்திச் செலுத்தும் ஜாக், நைலான் பிரஷ், சால்வென்ட், துப்பாக்கி எண்ணெய், நைட்ரைல் கையுறை. பித்தளை ஜாக்கும் வெண்கல பிரஷும் செம்பு கலந்தவை என்பதால் செம்பைக் கரைக்கும் சால்வென்ட் அவற்றையும் கரைத்துத் துணியை நீலமாக்கும். பேரல் சுத்தமான பிறகும் அழுக்கு இருப்பதாக நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். நிக்கல் பூசிய ஜாக் வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை. எஃகுக் கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள்.

சால்வென்ட்டில் இரண்டு குணம் பார்க்க வேண்டும். 1903-லிருந்து விற்பனையில் உள்ள ஹாப்பீஸ் நம்பர் 9, மருந்துக்கரியை நன்றாக எடுக்கும். செம்பில் அதன் வேகம் குறைவு. ஸ்வீட்ஸ் 7.62 போன்ற அம்மோனியா கலந்தவை செம்பை வேகமாகத் தின்னும். ஆனால் பேரலுக்குள் 15 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது; விட்டால் எஃகையே அரிக்கும். போர் டெக் எலிமினேட்டர் போன்ற அம்மோனியா இல்லாதவற்றில் அந்தப் பயம் குறைவு. புதிதாகத் தொடங்குபவருக்கு என் சிபாரிசு அம்மோனியா இல்லாததுதான். எதை வாங்கினாலும் ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். ஒன்றை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகே அடுத்தது. அம்மோனியா உள்ளதன் அருகே பிளீச் புட்டி இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

முதல் தோட்டாவுக்கு முன்னால்

வீட்டில் துடைக்கும்போது தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்க வேண்டாம். மேகஸினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். பிறகு போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போட்டிருக்கட்டும்.

கடையிலிருந்து வந்த பேரல் சுத்தமாக இருக்காது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் உள்ளே இருக்கும். பல நிறுவனங்கள் சோதனைக்காகச் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புகின்றன என்பதால் அந்தக் கரியும் சேர்ந்திருக்கும். எண்ணெய் நிறைந்த பேரலில் சுட்டால் அழுத்தம் கூடும். .308-ன் உச்ச அழுத்த வரம்பே சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அதற்கு மேல் ஏற்றிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். சேம்பரும் உலர்ந்திருக்க வேண்டும். சுடும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் இருந்தால் பிடி நழுவி, மொத்த உதையும் போல்ட்டின் மேல் விழும்.

துடைக்கும் முறை எப்போதும் ஒன்றுதான். ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். போர் கைடைச் செருகுங்கள். சால்வென்ட்டில் நனைத்த துணியை ஜாக்கில் குத்தி, பின்பக்கமிருந்து வாய்ப்பக்கமாக ஒரே சீராகத் தள்ளுங்கள். வெளியே வந்ததும் துணியை எடுத்துவிட்டு, வெறும் ராடை நிதானமாகப் பின்னால் இழுங்கள். அழுக்குத் துணியை மறுபடி உள்ளே இழுக்காதீர்கள். பேரல் வாயின் விளிம்புக்கு கிரௌன் என்று பெயர். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்திப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். ராடை இழுக்கும்போது அதன் தலை கிரௌனில் இடிக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் கைப்பழக்கம் தேவை. வாய்ப்பக்கமிருந்து ராடை விட்டுத் துடைப்பது, வேறு வழியே இல்லாத மாடல்களுக்கு மட்டும்.

நனைத்த துணி இரண்டு மூன்று போன பிறகு, நைலான் பிரஷில் சால்வென்ட் விட்டுப் பத்து முறை போய்வரச் செய்யுங்கள். பிரஷ் வாயைத் தாண்டி முழுக்க வெளியே வந்த பிறகே திருப்ப வேண்டும்; நடுவழியில் திசை மாற்றினால் மயிர்கள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். சில நிமிடம் ஊறவிட்டு, மறுபடி நனைத்த துணி, பிறகு உலர் துணி. உலர் துணி வெள்ளையாக வரும்வரை போகட்டும். கடைசியில் வாய்ப்பக்கம் டார்ச் அடித்து, போல்ட் இல்லாத பின்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். எங்கும் துணித் துண்டு சிக்கியிருக்கவில்லை என்பது கண்ணால் உறுதியாக வேண்டும். பேரலுக்குள் சிக்கிய ஒரு துணி, சுடும்போது பேரலையே வெடிக்க வைக்கும்.

ரேஞ்சில்

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, தண்ணீர், துடைப்புச் சாமான், இருபது தோட்டா உள்ள ஒரு பெட்டி, இரண்டரை மணி நேரப் பொறுமை. சாதாரண செம்புத்தோல் குண்டு போதும். முழுச் செம்பில் செய்த வேட்டைக் குண்டுகள் இன்றைக்கு வேண்டாம், அவை அதிகம் படியும். ரேஞ்ச் அதிகாரியிடம் நீங்கள் செய்யப்போவதை முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே துடைக்கலாம் என்று அவர் இடம் காட்டுவார். சுடுவதை நிறுத்தி ஆட்கள் இலக்குப் பக்கம் நடக்கும் நேரத்தில் ரைஃபிளைத் தொடவே கூடாது. ராடை மட்டும் விடுகிறேன் என்பதும் தொடுவதுதான்.

கணக்கு எளிது. ஒன்று சுட்டுத் துடைக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. பிறகு மூன்று சுட்டுத் துடைக்க வேண்டும், இரண்டு முறை. பிறகு ஐந்து சுட்டு ஒரு துடைப்பு. மொத்தம் 16. பெட்டியில் மிஞ்சும் நான்கு, சீரோவை, அதாவது ஸ்கோப் குறிவைக்கும் இடத்திலேயே குண்டு விழுகிறதா என்பதை, சரிபார்க்க. ஸ்டெயின்லெஸ் பேரல் பெரும்பாலும் இதற்குள் பழகிவிடும். 4140 போன்ற குரோம்-மோலி எஃகுக்குச் சில சமயம் இன்னும் சில ஒற்றைத் தோட்டா தேவைப்படலாம்.

இந்த ஒற்றைத் தோட்டாக்களை வீணாக்க வேண்டாம். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேரல் வழியாகவே 25 கஜத்தில் உள்ள இலக்கை நடுவில் கொண்டுவந்து, ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை அதே இடத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டால், முதல் தோட்டாவே அட்டையில் விழும். ஐந்தாவது முடிவதற்குள் 100 கஜத்துக்குப் போய்விடலாம். ஆனால் இப்போது விழும் ஓட்டைகளின் நெருக்கத்தைப் பார்த்து ரைஃபிளை எடைபோடாதீர்கள். அப்போதுதான் துடைத்த பேரலின் முதல் குண்டு தனியாக விலகி விழுவது சாதாரணம்.

ஒவ்வொரு துடைப்பிலும் முதல் துணி கறுப்பாக வரும். அது மருந்துக்கரி, அதைப் பொருட்படுத்த வேண்டாம். சால்வென்ட் ஊறிய பிறகு வரும் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெள்ளைத் துணியில் நீலமோ பச்சை கலந்த நீலமோ கோடு கோடாக இருக்கும். அது கரைந்த செம்பு. துணி உள்ளே மடங்கி அழுத்திய இடங்களில் அந்தக் கோடு அழுத்தமாகவும் இடையில் வெளிறியும் தெரியும். எத்தனை மேடு இருக்கிறது என்று எண்ணிவிடக்கூட முடியும். முதல் தோட்டாவுக்குப் பிறகு வந்த துணியையும் மூன்றாவது, ஐந்தாவதன் துணிகளையும் எறியாமல் மேசையில் வரிசையாக வையுங்கள். நீலம் வெளிறிக்கொண்டே போனால் த்ரோட் பழகுகிறது என்று பொருள். ராடு தள்ளும் கைக்கும் அது தெரியும்: முதலில் சேம்பரைத் தாண்டியதும் கரகரவென்று பிடித்த துணி, பிறகு ஒரே இழையாக வழுக்கிப் போகும்.

மூன்றாவது தோட்டாவிலேயே நீலம் ஏறக்குறைய மறைந்துவிட்டதா? அங்கேயே நிறுத்திவிடுங்கள், அட்டவணையை முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 16 முடிந்தும் துணி அடர்நீலமாகவே வருகிறதா? அப்போதும் நிறுத்துங்கள். அது இயல்பிலேயே செம்பு பிடிக்கும் பேரல். மேலும் மேலும் ஒற்றைத் தோட்டா சுட்டுத் தேய்ப்பதால் மாறப்போவதில்லை. 6.5 கிரீட்மோரின் நல்ல துல்லியம் நிற்பதே 2,000 முதல் 3,000 தோட்டா வரைதான். அதிகம் செம்பு பிடிக்கும் பேரலும் நேராகச் சுடும். சற்று அடிக்கடி துடைக்க வேண்டும், அவ்வளவே.

பேரல் கை வைக்க முடியாத அளவு சூடாக இருந்தால் சால்வென்ட் விடாதீர்கள். சீக்கிரம் ஆவியாகும், புகையும் மூக்கில் ஏறும். ஆற விடுங்கள். முடித்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு; கையில் ஈயத்தூள் இருக்கும்.

அதற்குப் பிறகு

புதுப் பேரலின் வேகம் முதல் நூறு, இருநூறு தோட்டாவுக்குள் கொஞ்சம் கூடுவது பரவலாகத் தெரிந்த விஷயம். நொடிக்கு 50 அடிக்கு மேல்கூட ஏறலாம். சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் அதற்கு முன்பே மருந்தின் அளவை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டால், பேரல் வேகம் பிடித்ததும் அழுத்தம் எல்லை தாண்டும். வேகமானியில் எண்கள் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள்.

வாடிக்கையான துடைப்புக்கு ஒரே எண் சொல்ல முடியாது. இலக்கில் ஓட்டைகள் பரவத் தொடங்கும்போது துடைப்பது நல்ல வழி. சில நூறு தோட்டா வரைகூட நன்றாகச் சுடும் பேரல்கள் உண்டு. மழையில் நனைந்தாலோ, ரைஃபிளை மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றாலோ அன்றே துடையுங்கள். வைக்கும் முன் எண்ணெய்த் துணி ஒன்று, மறுபடி சுடும் முன் உலர் துணி இரண்டு. ஃப்ளோரிடா, ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊர்க்காரர்கள் பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் பையும் வைக்க வேண்டும். பழைய சோவியத் ராணுவத் தோட்டா சுடுகிறவர்கள் முதலில் வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விடும் உப்பை எண்ணெயோ சாதாரண சால்வென்ட்டோ கரைக்காது; சில நாளில் துரு பூத்துவிடும்.

.22-ம் ஏர் ரைஃபிளும்

இந்தியக் கிளப்பில் 50 மீட்டர் சுடுபவருக்கு மேலே சொன்ன பிரேக்-இன் எதுவும் தேவையில்லை. .22 தோட்டாவின் குண்டு மெழுகு தடவிய ஈயம். செம்புத்தோல் கிடையாது, அழுத்தமும் மிகக் குறைவு. துடைத்த பேரலில் அந்த மெழுகு மறுபடி சீராகப் படியச் சில தோட்டா ஆகும். அதுவரை ஓட்டைகள் அலைந்தால் பதற வேண்டாம், அந்தத் தோட்டாக்களை ஓரத்து இலக்கில் சுட்டுக் கழியுங்கள். செம்புக்கான கடுமையான சால்வென்ட் இதற்கு வேண்டவே வேண்டாம். பார்க்க வேண்டியது சேம்பருக்குச் சற்று முன்னால் வளையமாகக் கட்டும் கரியைத்தான். அது இறுகிவிட்டால் துல்லியம் போகும். கரிக்கான சால்வென்ட் ஊறவிட்டு பிரஷ் போட்டால் இளகும். கிளப் ரைஃபிள் என்றால் கோச்சைக் கேட்காமல் ராடை எடுக்காதீர்கள். நாளை போட்டிக்குப் போகும் ஒருவர் அதே பேரலைத் தனக்கு ஏற்றபடி படியவைத்திருக்கலாம்.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தே இல்லை. பேரலுக்குள் ஃபெல்ட் பெல்லட்டை (சிறு கம்பளித் துண்டை) தள்ளி உலரத் துடைத்தால் போதும். ஸ்பிரிங் வகையில் பெட்ரோலிய எண்ணெயோ சால்வென்ட்டோ பேரலுக்குள் விடாதீர்கள். அது அழுத்தக் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தால், அடுத்த முறை ட்ரிகரை அழுத்தும்போது காற்றின் சூட்டில் பற்றி வெடித்து ஸ்பிரிங்கையும் சீலையும் உடைத்துவிடும்.